தேர்வு மேசையின் மறுபக்கம்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)



நம் பகுதி ஆலைச் சங்கொலி கேட்டுக் கண்விழித்த பகுதி. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைகளில் நம் பாட்டனார்கள் உழைத்தனர். அவ்வாலைத் தொழிலாளரைக் கொண்டே 1918 இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஆயினும் 1921 வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர் சாதியால் பிளவுண்டனர். புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. ஒரே கூரையின்கீழ் உழைத்தோர் ஏன் பிரிந்தனர்? பட்டம் பெற்ற நம் பிள்ளை இன்றும் நேர்காணலில் ஏன் பின்தள்ளப்படுகிறான்? இத்தகைய வினாக்களை முறைப்படி ஆராயும் கல்வி ஒன்று உண்டு. அதுவே தொழில் நிறுவன உளவியல்.

1924 முதல் 1932 வரை அமெரிக்காவில், சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் தொழிற்சாலையில் புகழ்பெற்ற ஆய்வுகள் நடந்தன. விளக்கொளியைக் கூட்டினால் உற்பத்தி கூடுமா என்று பார்க்கத் தொடங்கியவர்கள், உடன் உழைப்போரின் உறவும் மேலாளர் காட்டும் கவனமும் பெரிது என்ற முடிவுக்கு வந்தனர். அம்முடிவுகள் பின்னாளில் விவாதத்திற்கு உள்ளாயினும், தொழிலாளியின் மனமும் ஆராய்ச்சிக்குரியது என்பது நிலைபெற்றது.

நம் நாட்டில் சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுடைய விண்ணப்பங்களை அனுப்பினர். பெயர் மட்டுமே வேறு. தலித் பெயர் தாங்கிய விண்ணப்பத்திற்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்குரியதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகவே இருந்தது.

இதற்குச் சான்று நம் தெருவிலும் உண்டு. நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் இயந்திரவியல் பட்டயம் பெற்று ஒரு நேர்காணலுக்குச் சென்றார். இயந்திரம் பற்றி ஒரே வினா. தந்தையின் தொழில், குடியிருக்கும் தெரு, சொந்த ஊர் பற்றிப் பல வினாக்கள். “படிச்சதை யாருமே கேக்கலியே, சார்” என்றார். அன்று நாம் ஆறுதல்தான் கூறினோம். ஆறுதல் போதாது.

இந்நோய்க்கு அக்கல்வி மருந்தும் கூறுகிறது. வந்தவர் அனைவரிடமும் பணி தொடர்பான அதே வினாக்களையே கேட்டல். எவ்விடைக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்னரே வகுத்தல். இம்முறை, மனம்போன போக்கில் பேசித் தேர்வதைவிடத் திறமையை நன்கு காட்டுகிறது என்பது ஆய்வாளர் கண்ட உண்மை. ஆனால், அவ்வினாக்களை வகுக்கும் மேசையில் அமர்ந்திருப்பவர் யார்? தனியார் துறையில் இடஒதுக்கீடு இல்லாத நிலையில் இதுவே நம் கேள்வி.

ஆகவே இளைஞர்களே, உளவியலில் பட்டம் பெறுங்கள். அத்துடன் நில்லாது முதுகலையும் பயிலுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உளவியல் துறை 1943 இல் தொடங்கப்பெற்றது. எழும்பூரில் 1952 முதல் இயங்கிவரும் சென்னை சமூகப்பணிக் கல்லூரியில் மனித வள மேலாண்மை கற்பிக்கப்படுகிறது. பத்தாம் வகுப்பிற்கு மேற்பட்ட படிப்பிற்கான அரசின் கல்வி உதவித்தொகையைத் தவறாது கேட்டுப் பெறுங்கள். இப்படிப்பிற்குப் புள்ளியியல் இன்றியமையாதது. கணக்கு என்றதும் அஞ்சி ஒதுங்காதீர்கள்.

இறுதியாக ஒன்று. நாளை நீங்கள் அம்மேசையில் அமரும்போது, எதிரே நிற்பவரிடம் தந்தையின் தொழிலைக் கேளாதீர்கள். அவர் கற்றதைக் கேளுங்கள். அவர் நம்மவராயினும் பிறராயினும் அதுவே நீதி. அந்நீதியை நிலைநாட்டுவோர் இச்சங்கத்திலிருந்து புறப்படுவார்களாயின், இவ்வெள்ளி விழா பொன்விழாவாகப் பொலியும்.