ஊசியும் பச்சிலையும் மகப்பேறும்



மலாக்கா மாநிலத்தில் சிம்பாங் அம்பாட்டுக்கு அருகில் உள்ள ஒரு தோட்டப் பள்ளியில் நான் ஆசிரியராகப் பணிபுரிகிறேன். சிம்பாங் அம்பாட் என்றால் நாற்சந்தி என்று பொருள். குழந்தை வேண்டிக் காத்திருக்கும் எங்கள் பக்கத்துப் பெண்களும் ஒரு நாற்சந்தியில்தான் நிற்கிறார்கள். ஒரு பக்கம் அரசாங்க மருத்துவமனை. ஒரு பக்கம் ஊசி குத்தும் சீன வைத்தியரான சின்சே. ஒரு பக்கம் நம் நாட்டு வைத்தியர். இன்னொரு பக்கம் மலாய்ப் பெண்கள் காய்ச்சிக் குடிக்கும் காச்சிப் பாத்திமா என்னும் மூலிகை. எந்தப் பக்கம் போவது?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி, திருமணமாகி ஆறு ஆண்டுகள் கழித்து என்னைப் பார்க்க வந்தாள். அதற்குள் அவள் மூன்று வைத்தியர்களிடம் போய்விட்டாள். கழுத்துச் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போய்விட்டது. "ஊசி குத்திக்கொண்டால் கரு தங்குமாமே டீச்சர், உண்மையா?" என்று கேட்டாள். அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களிடம் சொல்கிறேன்.

ஒரு மருந்து பலன் தருகிறது என்பதை எப்படி அறிவது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பால் மரத்துக்குப் புதிய உரம் போடுகிறோம். அந்த மாதம் பால் கூடுகிறது. காரணம் உரமா, நல்ல மழையா? ஒரே வயதுள்ள மரங்கள் நிற்கும் இரண்டு நிரைகளை எடுத்து, ஒன்றுக்கு உரம் போட்டு, மற்றதற்குப் போடாமல் விட்டு, இரண்டின் பாலையும் நிறுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். மனிதருக்கும் இதே முறைதான். ஆனால் மனிதருக்கு நம்பிக்கை என்று ஒன்று உண்டு. ஆகவே ஒரு பிரிவினருக்கு உண்மையான ஊசியும், மற்றப் பிரிவினருக்குப் போலி ஊசியும் குத்துவார்கள். தமக்குக் கிடைத்தது எது என்பது அவர்களுக்குத் தெரியாது.

2002-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் 160 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. சோதனைக் குழாய் முறையில் கருவைக் கருப்பையில் வைக்கும்போது அக்குபங்சர் ஊசியும் குத்திக்கொண்டவர்களில் 42.5 விழுக்காட்டினர் கருவுற்றனர். ஊசி குத்தாதவர்களில் அது 26.3 விழுக்காடு. உலகமே வியந்தது. ஆனால் அங்கே போலி ஊசிப் பிரிவு இல்லை, ஆய்வும் சிறியது. பின்னர் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 848 பெண்களிடம் போலி ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. உண்மை ஊசிப் பிரிவில் 18.3 விழுக்காட்டினரும், போலி ஊசிப் பிரிவில் 17.8 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். வேறுபாடு இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இனி, நம் பெண்கள் பலரிடம் காணப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்கு வருவோம். ஹார்மோன் சுரப்பு நிலை மாறுவதால் மாதந்தோறும் முட்டை ஒழுங்காக வெளிவராமல் போவதுதான் இது. அக்குபங்சர் பிறந்த சீன நாட்டிலேயே, இந்தக் கோளாறு உடைய 1,000 பெண்களிடம் பெரிய ஆய்வு ஒன்று நடந்து, 2017-இல் வெளியிடப்பட்டது. உண்மை ஊசி பெற்றவர்களில் 21.8 விழுக்காட்டினரும், போலி ஊசி பெற்றவர்களில் 22.4 விழுக்காட்டினரும் குழந்தை பெற்றனர். ஊசியால் கூடுதல் பலன் இல்லை. அதே ஆய்வில் குளோமிபீன் என்னும் மாத்திரை உண்டவர்களில் 28.7 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை உண்டவர்களில் 15.4 விழுக்காட்டினரும் தாயானார்கள். மாத்திரை வேலை செய்தது.

இதில் இன்னொரு கணக்கையும் கவனியுங்கள். போலி ஊசியும் வெற்று மாத்திரையும் மட்டுமே பெற்ற 232 பேரில் 39 பேர் குழந்தை பெற்றார்கள். அந்த 39 பேரும் நம் தோட்டத்தில் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "ஊசிதான் எனக்குக் கைகொடுத்தது" என்றுதான் சொல்லியிருப்பார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது சான்றும் ஆகாது.

பச்சிலையின் கதை என்ன? அதை இகழ்வது அறியாமை. மலேரியாக் காய்ச்சலுக்கான ஆர்ட்டிமிசினின் ஒரு சீன மூலிகையிலிருந்து வந்ததுதான். அதைக் கண்டறிந்த து யூயூ அம்மையாருக்கு 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. நாம் அறிந்த மரமஞ்சளில் பெர்பெரின் என்னும் பொருள் உண்டு. நீர்க்கட்டிக் கோளாறு உடைய 644 சீனப் பெண்களிடம் அதைச் சோதித்து, 2016-இல் முடிவை வெளியிட்டனர். பெர்பெரின் உண்டவர்களில் 22 விழுக்காட்டினர் குழந்தை பெற்றனர். லெட்ரோசோல் என்னும் மாத்திரை உண்டவர்களில் அது 36 விழுக்காடு. இரண்டையும் சேர்த்து உண்டும் பலன் கூடவில்லை. காச்சிப் பாத்திமாவைப் பற்றி எலிகளிடம் ஆய்வுகள் நடந்துள்ளன. எலியிடம் கண்டதை மட்டும் வைத்து மனிதருக்கு முடிவு கட்டலாகாது.

மூலிகை என்றால் தீங்கில்லை என்று எண்ணுவதும் தவறு. 2011, 2012-ஆம் ஆண்டுகளில் நியூயார்க் நகரில் கர்ப்பிணிகள் ஆறு பேரின் இரத்தத்தில் ஈயம் மிகுந்திருந்தது. அவர்கள் உண்டவை இந்தியாவிலிருந்து வந்த ஆயுர்வேத மருந்துகள். ஈயம் தாயோடு நிற்பதில்லை. வயிற்றில் உள்ள சிசுவையும் சென்று சேரும். ஆகவே பெயரில்லாத பொட்டலங்களை வாங்காதீர்கள். நம் நாட்டில் பதிவு பெற்ற பாரம்பரிய மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கி டி என்னும் எழுத்தில் முடியும் பதிவு எண் இருக்கும். தரமும் பாதுகாப்பும் பார்க்கப்பட்டன என்பதே அதன் பொருள். நோய் தீரும் என்பதற்கு அது உறுதியன்று. கரு தங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தவுடன் எந்தக் கஷாயத்தையும் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள்.

அப்படியானால் ஊசி மருத்துவம் வீணா? இல்லை. 2007 முதல் நம் அரசாங்க மருத்துவமனைகள் சிலவற்றிலேயே, நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்குப் பிந்திய சிகிச்சைக்கும் அது அளிக்கப்பட்டு வருகிறது. மனம் ஆறுதல் பெறுகிறது என்றால் செய்துகொள்ளட்டும். ஆனால் மருத்துவப் பரிசோதனையைத் தள்ளிப்போட அது காரணமாகக் கூடாது. பெண்ணின் வயது ஏற ஏறக் கருவுறும் வாய்ப்புக் குறைகிறது. செலவழித்த பணத்தைத் திரும்பச் சம்பாதிக்கலாம். கடந்த ஆண்டுகள் திரும்பா.

முயற்சி செய்து ஓராண்டாகியும் கரு தங்கவில்லை என்றால் மருத்துவரிடம் செல்லுங்கள். பெண்ணுக்கு வயது 35-ஐத் தாண்டியிருந்தால் ஆறு மாதமே போதும். கணவனும் மனைவியும் சேர்ந்தே செல்லுங்கள். குறை ஆணிடமும் இருக்கலாம். அதை அறிய எளிய விந்துப் பரிசோதனை ஒன்று போதும்.

என் மாணவிக்கு நேர்ந்தது இதுதான். ஆறு ஆண்டுகளாக ஊசியும் கஷாயமும் அவளுக்கு மட்டுமே. அவள் கணவரை யாரும் பரிசோதிக்கச் சொல்லவில்லை. இறுதியில் சோதித்தபோது குறை அவரிடம்தான் இருந்தது. இப்போது சிகிச்சை நடந்து வருகிறது. முடிவு இன்னும் தெரியாது. ஆனால் ஆறு ஆண்டுகள் அவளை 'மலடி' என்று ஏசிய வாய்கள் ஓய்ந்துவிட்டன.

அந்தச் சொல்லை நம் வீடுகளிலிருந்தே அகற்றுவோம். மருந்தைத் தேடுமுன் காரணத்தைத் தேடுவோம்.