அயல்நாட்டு ஆசிரியரும் அங்காடிச் சொற்களும்



பணி ஓய்வுக்குப் பின்னர், சீன நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஓராண்டுக் காலம் தமிழ் கற்பித்துத் திரும்பியுள்ளோம். அங்கு வாழ்ந்த வகையை ஒரு பொழிவாகத் தருக என்று மன்றத்தார் பணித்தனர். நெடுஞ்சுவரைப் பற்றியும் விரைவுத் தொடர்வண்டியைப் பற்றியும் கேட்க வந்தவர்கள் எம்மைப் பொறுத்தருள வேண்டும். யாம் பேசப்போவது காய்கறிக் கடையையும் காலையுணவையும் பற்றித்தான். அயல்நாட்டில் ஆசிரியராகக் குடியேறுபவனுக்கு முதல் மூன்று திங்களும் இவ்விரண்டிலேயே கழிந்துவிடுகின்றன.

போய்ச் சேர்ந்த இருபத்து நான்கு மணி நேரத்திற்குள் காவல் நிலையத்தில் வசிப்பிடத்தைப் பதிவு செய்தல் வேண்டும் என்பது அந்நாட்டு விதி. அதன்பின் உடல்நல ஆய்வு, பணி உரிமம், வங்கிக் கணக்கு என்று அலுவலகப் படிகள் தொடர்ந்தன. அவற்றிலெல்லாம் மாணவர் ஒருவர் உடன்வந்து பேசினார். சந்தைக்குத் தனியே சென்ற நாளில்தான் எம் கல்வி தொடங்கியது. 'ஜின்' என்பது அங்கு எடைக்குரிய சொல். கிள்ளான் சந்தையில் மீனும் இறைச்சியும் நிறுத்து வாங்கிய 'கட்டி'தானே இது என்று மிக்க உறவோடு ஒரு ஜின் தக்காளி கேட்டோம். கிடைத்தது குறைவாகத் தோன்றவே, கடைக்காரரை ஐயுற்று நோக்கினோம். பிழை எம்முடையது. நம் கட்டி ஏறத்தாழ 600 கிராம். அவர்களுடைய ஜின் 500 கிராம். ஒரே அளவையின் இரு கிளைகள் நூறு கிராம் இடைவெளியில் பிரிந்து வளர்ந்துவிட்டன. கிளைமொழிகளின் வேறுபாட்டை வகுப்பில் விளக்க இதைவிட நல்ல சான்று எமக்கு அதுவரை கிடைத்ததில்லை.

அந்நாட்களில் யாம் அடிக்கடி நினைந்தது, நம் நாட்டிற்கு ஆசிரியராக வந்தவர்களை. இந்தப் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே பணிக்கும் பள்ளிப் பணிக்கும் யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனையோ பேர் வந்து குடியேறினர். தமிழகத்து ஆசிரியர் பலர் தோட்டப் பள்ளிகளுக்கு வந்தனர். தமிழ் பேசும் ஊருக்குத்தானே போகிறோம் என்று எண்ணி இறங்கியவருக்கு, 'ஐந்து வெள்ளி' என்பது கிழமையுமன்று, உலோகமுமன்று, பணம் என்று யாரேனும் சொல்லியிருக்க வேண்டும். சாலையைச் 'சடக்கு' என்றும், மைலைக் 'கட்டை' என்றும், இரப்பரைக் 'கித்தா' என்றும் சொல்லும் மாணவர் முன் அவர் நின்றிருப்பார். மலாய் மொழியில் 'பத்து' என்றால் கல். மைல்கல்லையும் அது குறிக்கும். 'பத்து தீகா' என்னும் ஊர்ப்பெயர் தமிழ்ச் செவியில் பத்தாகவே விழும், பொருளோ மூன்றாங்கட்டை! பத்துமலையைப் பத்தாவது மலை என்று விளக்குவோர் இன்றும் உளர். முருகப்பெருமான் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கிறார்.

தனிநாயகம் அடிகளை இங்கு நினைத்தல் வேண்டும். 1961இல் மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறைத் தலைவராக வந்து, 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்தி, 1969இல் விடைபெற்றவர் என்பதை மாணவரும் அறிவர். ஆனால் அவர் முதன்முதலில் அயலூர் ஆசிரியரானது இங்கன்று. ஈழத்துக் கரம்பொனில் 1913இல் பிறந்து, உரோமையில் இறையியல் கற்று, 1940இல் திருநெல்வேலிப் பகுதியின் வடக்கன்குளத்துப் பள்ளி ஒன்றில் பணியேற்றார். ஐரோப்பிய மொழிகள் பலவற்றை அறிந்திருந்த அவர், தம் தமிழ் போதாதென்பதை அவ்வூரில்தான் உணர்ந்தார். பள்ளியின் தமிழ்ப் பண்டிதரிடம் அமர்ந்து பாடங்கேட்டார். பின்னரே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சென்றார். கற்பிக்க வந்த ஊரிலே மாணவராக அமர்ந்த இச்செய்தி, மாநாட்டுச் செய்தியைக் காட்டிலும் எமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. எல்லா ஆசிரியர்க்கும் அது இயலுவதில்லை. எமக்கும் இயலவில்லை.

யாம் கிள்ளானை அடுத்த தோட்டமொன்றில் பிறந்து, அத்தோட்டப் பள்ளியிலேயே பயின்றோம். நான்காம் வகுப்பில் எமக்கு வாய்த்த ஆசிரியர் தமிழகத்தவர். வந்து பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. லயத்து வழியே அவர் மிதிவண்டியில் வரும்போது, வாசலில் நிற்கும் எம் அன்னையாரைப் பார்த்து, "என்னம்மா, பசியாறியாச்சா?" என்று கேட்பார். "ஆச்சுங்க சார், நீங்க பசியாறிட்டீங்களா?" என்பார் அன்னையார். ஒரு நாள் 'விடுமுறை நாள்' என்று கட்டுரை எழுதினோம். 'காலையில் பசியாறிவிட்டு ஆற்றுக்குப் போனேன்' என்பது அதில் ஒரு தொடர். ஆசிரியர் 'பசியாறிவிட்டு' என்பதைச் சிவப்பு மையால் அடித்து, 'காலைச் சிற்றுண்டி அருந்திவிட்டு' என்று மேலே எழுதினார். வகுப்பிலும் படித்துக் காட்டினார், பிள்ளைகள் சிரித்தனர். அன்று காலையிலும் அவர் அதே சொல்லால் எம் அன்னையாரை நலம் கேட்டிருந்தார் என்பதுதான் எமக்கு விளங்கவில்லை. அதன்பின் அன்னையார் பேசும்போதெல்லாம் மனத்துக்குள் சிவப்புக் கோடிடத் தொடங்கினோம். ஒன்பது அகவைப் பிள்ளை தன் தாயின் பேச்சைத் திருத்துவது எளிய செயலன்று.

அவரை இங்குக் குறை சொல்ல யாம் வரவில்லை. ஏனெனில், பின்னாளில் விரிவுரையாளராகி, பயிற்சி ஆசிரியர்களின் விடைத்தாள்களைத் திருத்தியபோது, யாமும் அதே சொல்லை அதே நிற மையால் பலமுறை அடித்திருக்கிறோம். மொழியியலில் முனைவர் பட்டம் பெற்ற பின்பும் அடித்தோம். வட்டார வழக்கு என்று கருத்தரங்கில் போற்றிய சொல்லை விடைத்தாளில் பிழை என்றோம்.

அச்சொல்லைச் சற்றே நோக்குக. சூடு ஆறும், புண் ஆறும், சினம் ஆறும். அவ்வாறே பசியும் ஆறும். தூய தமிழ் ஆக்கம். தமிழகத்திலும் இசுலாமியத் தமிழர் இல்லங்களில் இன்றும் வழங்குகிறது. நம் மண்ணில் அது தழைத்ததற்கு அண்டை வீட்டாரும் துணைநின்றிருக்கலாம் என்பது எம் கருத்து. மலாய்க்காரர் 'சூடா மாக்கான்' என்று கேட்பர்; உண்டாயிற்றா என்பது பொருள். கிள்ளானில் மிகுதியாக வாழும் ஹொக்கியன் சீனரோ, வயிறு நிறைய உண்டாயிற்றா என்றே நலம் கேட்பர். மூன்று வேலிகளுக்கு மூன்று புறமும் ஒரே கேள்வி. பதினைந்தாண்டு வாழ்ந்த எம் ஆசிரியரின் நாவிலும் அது ஏறிவிட்டது. எழுதுகோலில் மட்டும் ஏறவில்லை.

சீனத்தில், இரண்டாம் பருவத்தில், உரையாடல் பாடம் நடந்துகொண்டிருந்தது. காலையில் ஒருவரைக் கண்டால் 'காலை வணக்கம்' என்று சொல்லுதல் வேண்டும் எனக் கற்பித்தோம். ஒரு மாணவி எழுந்து, "ஐயா, உங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வீர்களா?" என்று வினவினார். இல்லை என்றோம். "வேறு என்ன சொல்வீர்கள்?" என்றார். கரும்பலகையில் 'பசியாறியாச்சா?' என்று எழுதிப் பொருளும் சொன்னோம். வகுப்பு முழுவதும் சிரித்தது. தோட்டப் பள்ளியின் சிரிப்பு எம் செவியில் மீண்டும் கேட்டது. ஆனால் இது வேறு சிரிப்பு. "எங்கள் பாட்டியும் இதைத்தான் கேட்பார்!" என்றார் அம்மாணவி. 'ச்சிர்லெமா', உண்டாயிற்றா என்பது, அவர்களுடைய முதியோர் நலம் விசாரிக்கும் பழைய முறை. 'காலை வணக்கம்' ஆங்கிலத்தின் நிழலில் பிறந்த தொடர் என்பதையும் அன்று அவர்களுக்குச் சொல்ல நேர்ந்தது.

மறுநாள் முதல் அவர்கள் எம்மை அவ்வாறே வரவேற்றனர். சென்னைக்குச் சென்று படிக்க எண்ணியிருந்த ஒருவர் மட்டும் ஓர் ஐயம் எழுப்பினார். "தேர்வில் எதை எழுதுவது, ஐயா?" நேர்மையான வினா. சென்னையில் இச்சொல்லால் நலம் கேட்டால் புதுமையாகப் பார்ப்பர் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டையும் எழுதுக, எது எவ்வூரில் வழங்குவது என்பதையும் பக்கத்தில் எழுதுக என்றோம். அதற்கு முழு மதிப்பெண் வழங்கினோம். நம் நாட்டுத் தேர்வுத் தாளில் அவ்வாறு எழுதிய மாணவருக்கு என்ன கிடைக்கும் என்பதை, இவ்வவையில் அமர்ந்திருக்கும் தேர்வாளர்கள் கலந்துரையாடலின்போது சொல்ல வேண்டுகிறோம். யாமும் அறிய விரும்புகிறோம்.

எம் அன்னையார்க்கு இப்போது தொண்ணூறு அகவை. சீனத்திலிருந்து திரும்பிய காலையில், கிள்ளான் வீட்டு வாசலில் பெட்டியை இறக்கிவைத்ததும், அவர் வழக்கம்போல் கேட்டார். "இன்னும் இல்லம்மா, பசியாற வேண்டும்" என்றோம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வீட்டில் எம் வாயிலிருந்து வராத சொல் அது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றப் போய்விட்டார்.