மனம் நொந்த வீரரும் மறுக்கப்படும் உபகாரச் சம்பளமும்

(நமது சங்கத்தின் வருஷாந்தரக் கூட்டத்தில், தூத்துக்குடியில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று எனக்கு அளிக்கப்பட்ட விஷயம் அவ்வளவு உல்லாசமானதன்று. பட்டாளத்திற்கும் கடற்படைக்கும் சென்று, மனம் நொந்து திரும்பி, அதற்குரிய உபகாரச் சம்பளமும் மறுக்கப்பெற்று, வருஷக்கணக்காக மனுவின்மேல் மனுப் போட்டுக்கொண்டிருப்போரைப் பற்றியே பேச வந்திருக்கிறேன். கால் இழந்து வருபவனை ஊர் கூடி வரவேற்கிறது. சித்தங் கலங்கி வருபவனையோ வீட்டார் உள்ளறையில் வைத்துக் கதவைச் சாத்துகின்றனர். இருவரும் ஒரே சர்க்காரின் ஊழியத்தில் அடிபட்டவர்களே. இதை ஒப்புக்கொள்வதற்குச் சில சமயங்களில் சர்க்காரைக் காட்டிலும் நாமே அதிகமாகத் தயங்குகிறோம்.

சட்டத்தைச் சொல்லுமுன் நமது கடலிலிருந்தே ஒன்று சொல்ல விரும்புகிறேன். முத்துக் குளிப்பு இக்கரையில் 1961-ஆம் வருஷத்தோடு நின்றுபோயிற்று; ஆயினும் சங்கு குளிப்போர் நம்மிடையே உளர். குளியாள் கடலில் இறங்குமுன் அவன் திடமாக இருக்கின்றானா என்று தோணியில் உள்ளோர் பார்ப்பர். திடமாக இறங்கியவன் மூக்கிலும் காதிலும் இரத்தம் வர ஏறி வந்தால், “இஃது உன் பாட்டன் வழி வந்த வியாதி, கடலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை” என்று கூறிய சம்மாட்டியை யான் கேள்விப்பட்டதில்லை. சுகமாக இறங்கினான், சுகக்கேடாக ஏறினான். ஆகவே இடையில் இருந்தது கடல். இந்த நியாயத்தை விளங்கிக்கொள்ள வக்கீல் வேண்டுவதில்லை.

இன்னொன்றும் உண்டு. சுறா மீனுக்கு மந்திரங் கட்டும் “கடல்கட்டி” என்பவரைப் பற்றி வயோதிகர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இக்கடலின் முத்துக் குளிப்பைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ என்னும் இத்தாலிய யாத்திரீகர், பெரிய மீன்களைக் கட்டும் மந்திரவாதிகளுக்கு இருபதில் ஒரு பங்கு கொடுக்கப்பட்டதாகக் குறித்திருக்கிறார். பிற்காலத்தில் ஆங்கில சர்க்காரும் கடல்கட்டியை விலக்கத் துணியவில்லை. மந்திரத்தால் சுறா கட்டுண்டதோ இல்லையோ, அதைப் பற்றி யான் வாதிக்க வரவில்லை. கடல்கட்டி கரையில் நின்றால்தான் குளியாள் இறங்குவான். அவன் மனத் தைரியமும் தொழிலின் ஓர் அங்கமே என்று கண்டு, அதற்காக ஒரு பங்கை ஒதுக்கினார்கள் என்பதே ஈண்டு கவனிக்கத் தக்கது. அச்சத்திற்கும் விலை உண்டு என்பதை அக்காலத்துக் கணக்குப்பிள்ளை அறிந்திருந்தார்.

இனிச் சட்டத்திற்கு வருவோம். 1961-ஆம் வருஷத்து இராணுவ உபகாரச் சம்பள விதிகளின்படி, ஊழியத்தால் உண்டானதோ ஊழியத்தால் அதிகரித்ததோ ஆன வியாதியால் ஒருவர் விலக்கப்பட்டு, அவருடைய ஊனம் 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், ஊன உபகாரச் சம்பளம் உண்டு. ஊழியத்தால் உண்டானதா என்பதை எப்படித் தீர்மானிப்பது? அதற்கு 1982-ஆம் வருஷத்து விதிகள் வழி சொல்லின. சேருங்கால் எழுதப்பட்ட குறிப்பில் வியாதி எதுவும் காணப்படாவிட்டால், அவர் தேகத்தாலும் மனத்தாலும் சுகமாகவே சேர்ந்தார் என்று கொள்ளவேண்டும். பின்னர் வியாதியால் விலக்கப்பட்டால், அந்தக் கேடு ஊழியத்தால் நேர்ந்ததென்றே கொள்ளவேண்டும். நிரூபிக்கும் பாரம் மனுதாரருடையதன்று. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலனும் அவருக்கே. நமது தோணியின் நியாயமும் இதுவேயன்றோ?

ஆனால் காகிதத்தில் இருப்பது வேறு, போர்டில் நடப்பது வேறு. வைத்திய போர்டார் ஒரே வரியில், “ஊழியத்தால் உண்டானதுமன்று, அதிகரித்ததுமன்று, பிறவிக் கூற்றால் வந்தது” என்று எழுதிவிடுகின்றனர். சில தாள்களில், வியாதி தோன்றியபோது அவர் யுத்தகளத்தில் இல்லை, அமைதியான ஸ்தலத்தில் இருந்தார் என்றொரு காரணமும் சேரும். கடும் பனிமலையில் இரண்டு வருஷம் காவல் நின்றவன், சமவெளிக்கு வந்த மூன்றாம் மாதம் உறக்கமிழந்தால், சமவெளியின்மேல் பழி போடுவது என்ன வைத்தியமோ அறியேன். குண்டு முழக்கத்தால் மனம் உடைந்தோரைப் பற்றிச் சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் “ஷெல் ஷாக்” என்ற பெயரால் எழுதியது 1915-ஆம் வருஷத்தில்; பேராபத்து நீங்கி நெடுநாள் கழித்தும் அதன் வடு மனத்தில் தோன்றும் என்பதை அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் தன் வியாதிப் பட்டியலில் சேர்த்தது 1980-இல்தான். வைத்திய சாஸ்திரமே அறுபத்தைந்து வருஷம் எடுத்துக்கொண்ட விஷயத்தில், ஒரே வரி எழுதுவோர் சற்று நிதானிக்கலாம்.

இவ்விதிகள் 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டில் நன்கு ஆராயப்பட்டன. தரம்வீர் சிங் என்னும் சிப்பாய் 1985-இல் சேர்ந்து, வலிப்பு நோயால் 1994-இல் விலக்கப்பட்டவர். சேரும்போது குறிப்பில் ஒன்றும் இல்லை. போர்டாரோ பிறவிக் கூறு என்றனர். காரணம் காட்டாத அந்த அபிப்பிராயம் செல்லாது, உபகாரச் சம்பளம் கொடுக்கவேண்டும் என்று கோர்ட்டார் தீர்த்தனர். இன்றளவும் இத்தகைய மனுக்களில் முதலில் எடுத்துக் காட்டப்படுவது இத்தீர்ப்பே.

அதே காலத்தில் வந்த வீர்பால் சிங் வழக்குத்தான் நமது விஷயத்திற்கு இன்னும் நெருக்கமானது. அவர் 1972-இல் பட்டாளத்தில் சேர்ந்தவர். சித்தக் கலக்கம், அதாவது “ஸ்கிஸோப்ரினியா” வகையைச் சேர்ந்த கேடு, என்று சொல்லி 1977-இல் விலக்கினார்கள். கோர்ட்டார் மனோவைத்திய நூல்களையே புரட்டிப் பார்த்து, அவ்வளவு பெரிய பெயரை ஒருவர்மேல் சூட்டுவதற்குப் போர்டின் தாளில் போதிய ஆதாரம் இல்லையெனக் கண்டு, மறுபடி ஒரு வைத்திய போர்டு அவரைப் பரிசோதிக்கவேண்டும் என்று உத்தரவிட்டனர். விலக்கியது 1977, உத்தரவு 2013. முப்பத்தாறு வருஷம் காத்திருந்து அவர் பெற்றது பணமன்று, மறுபரிசோதனைக்கு ஓர் உத்தரவு. வாலிபனாக வெளியே வந்தவர் கிழவராகப் போர்டின் முன் நிற்கவேண்டும். சபையோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

எல்லாத் தீர்ப்பும் நமக்கு அநுகூலம் என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2019-ஆம் வருஷம் அக்டோபரில் அதே சுப்ரீம் கோர்ட்டு, நர்சிங் யாதவ் என்பவரது வழக்கில், சித்த வியாதியைச் சேரும் சமயத்துப் பரிசோதனையில் கண்டுபிடித்தல் இயலாது, ஆகையால் குறிப்பில் இல்லை என்பது மாத்திரம் போதாது என்று கூறி மனுவைத் தள்ளிற்று. கண்ணுக்குத் தெரியாத நோய் முன்பே இருந்திருக்கலாம் என்பது அதன் கருத்து. இருந்திருக்கலாம்தான். ஆனால் அந்தச் சந்தேகத்தின் பலன் யாருக்கு என்பதன்றோ கேள்வி? 2025-ஆம் வருஷம் மே மாதத்தில், சித்த வியாதியால் விலக்கப்பட்ட ராஜுமோன் என்னும் வீரரின் வழக்கில், காரணம் எழுதாத போர்டின் அபிப்பிராயத்தைக் கொண்டு ஒருவரின் ஜீவனத்தைப் பறிக்கலாகாது என்று கோர்ட்டு தெளிவாகச் சொல்லிற்று. ஆகவே வழி அடைபடவில்லை. ஒவ்வொருவர் தாளையும் தனித்தனியே பார்க்கவேண்டும். 2008-இலும் 2023-இலும் விதிகள் மாறியிருப்பதால், எந்தத் தேதியில் விலக்கப்பட்டார் என்பதையும் முதலில் பார்க்கவேண்டும்.

மனு செல்லும் பாதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் இலாகாவுக்குள்ளேயே அப்பீல்; அதற்குமேல் இரண்டாம் அப்பீல். அங்கும் பலிக்காவிட்டால், 2007-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட ஆயுதப் படைகள் நியாயமன்றத்தின் சென்னைக் கிளை. முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஓர் இரவுப் பயணம். ஆனால் மனம் கலங்கிய ஒருவரை அழைத்துக்கொண்டு செல்லும் தாயாருக்கு அந்த இரவு எவ்வளவு நீளமென்பதை அவரே அறிவார். அம்மன்றம் மறுத்தால் ஐகோர்ட்டுக்குச் செல்லலாம் என்பது 2023-இல் சுப்ரீம் கோர்ட்டால் மறுபடி உறுதியாயிற்று. நமது துறைமுகத்தில் கடலோரக் காவற் படையில் இருப்போர் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அந்த மன்றம் தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கே உரியது, அவர்கள் அங்கே போய் நாளை வீணாக்கவேண்டாம்.

கால தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1983-இல் விலக்கப்பட்டுப் பதினாறு வருஷங் கழித்துக் கோர்ட்டுக்குச் சென்ற தர்செம் சிங் வழக்கில், 2008-ஆம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டு இரண்டு சொல்லிற்று. மாதந்தோறும் மறுக்கப்படும் சம்பளமாதலால் நாள் கடந்தது என்று உரிமையையே தள்ளலாகாது. ஆனால் பழைய பாக்கி, மனுப் போட்ட நாளுக்கு முந்திய மூன்று வருஷத்துக்கு மாத்திரமே. ஆகையால் மறைத்து வைக்கும் ஒவ்வொரு வருஷமும் வீட்டுக்குள் வரவேண்டிய ஒரு வருஷச் சம்பளத்தைக் கடலில் எறிவதாகும்.

மறைத்தல் என்றேன். என்னிடம் வந்த ஒரு தாயார், மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள் கண்ணில் படக்கூடாதென்று, மகனுடைய பட்டாளத்து ஆஸ்பத்திரித் தாள்களை அடுப்பிலிட்டுவிட்டதாகச் சொன்னார். மகளுக்குக் கலியாணம் ஆயிற்று. மகன் திண்ணையில் இருக்கிறான். அந்த அம்மையை யான் குறை கூறவில்லை, பெண் கேட்க வந்து, “அண்ணன் ஏன் பேசுவதில்லை?” என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு விசாரித்தவர்கள் நம்மவர்களே. தாள் எரிந்தாலும் வழியுண்டு: 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின்படி போர்டு நடவடிக்கையின் நகலைக் கேட்கலாம்; 2017-ஆம் வருஷத்து மனநலப் பராமரிப்புச் சட்டமும் தம் சிகிச்சைக் குறிப்பைப் பெறும் உரிமையை நோயாளிக்குக் கொடுத்திருக்கிறது. ஆயினும் அதற்குச் சில மாதங்கள் செல்லும்.

ஆதலின் சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். விலக்கப்பட்ட தேதி, சேர்ந்த தேதி, போர்டின் தாள், மறுப்புக் கடிதம் இந்நான்கையும் கொண்டுவருவோருக்கு மனு எழுதிக் கொடுக்க நம் வாசகசாலையில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கவேண்டும். வருவோர் பெயரைப் பதிவுப் புத்தகத்தில் எழுதவேண்டாம். எண் மாத்திரம் போதும். பின் வாசல் வழியாக வர விரும்புவோருக்கு அந்த வாசலையும் அன்று திறந்து வைக்கவேண்டும்.