பழைய கணிப்பொறியும் நம் பிள்ளைகளும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

சித்தூரிலிருந்தும் ரேணிகுண்டாவிலிருந்தும் இரயிலேறித் திருப்பதிக்கு வந்து இவ்விழாவைச் சிறப்பிக்கும் அன்பர்களே!

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே எழுத்தராகப் பணியாற்றும் நமக்கும் இம்மேடையில் இடமளித்த சங்கத்தாருக்கு நன்றி. நமக்கு முன் பேசிய அறிஞர்கள் இலக்கியச் சுவையை வாரி வழங்கினார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ பரண்மேல் தூசி படிந்து கிடக்கும் பழைய கணிப்பொறி. இதில் பேச என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டா; நம் பிள்ளைகளின் கல்வி இதில் இருக்கிறது.

பிறர் கழித்த கணிப்பொறிகளை வாங்கிப் பிரித்து, மாற்றி, மீண்டும் ஓடச் செய்வதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் உலகெங்கும் உளர். அப்பொறியின் மூளை, பிராசசர் என்று நாம் வழங்கும் நுண்செயலி. 1971இல் வந்த இன்டெல் 4004 என்னும் செயலியில் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 1985இல் வந்த 386இல் 2,75,000. 1993இல் வந்த பென்டியத்தில் 31 லட்சம். இன்றோ நூற்றுக்கணக்கான கோடிகள். இவ்வளவு விரைவாகப் புதியது பிறப்பதால், நன்றாக உழைக்கும் பழையதும் விரைவாகவே ஒதுக்கப்படுகிறது.

ஒதுக்கப்பட்டவை எங்கே செல்கின்றன? சென்னை சென்ட்ரலுக்கு அருகே மூர் மார்க்கெட் இருந்தது; பழம்பொருள் தேடுவோர்க்கு அது புதையல். 1985இல் அது தீக்கிரையாயிற்று. மின்னணுப் பொருள் தேடுவோர்க்கு அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவே இன்று புகலிடம். நம்மூர் இளைஞர் சப்தகிரி விரைவு வண்டியில் ஏறிச் சென்று, அங்கே பழைய செயலியோ நினைவகத் துண்டோ வாங்கித் திரும்பலாம். சித்தூரார்க்குப் பெங்களூரின் எஸ்.பி. சாலையும் உண்டு.

இப்பொழுதுபோக்கினரின் திறத்துக்கு ஒரு சான்று கூறுவோம். இன்டெல் நிறுவனம் மேசைக் கணிப்பொறிக்கு 775 தொடுமுனைகள் கொண்ட செயலியையும், அலுவலகப் பெருங்கணிப்பொறிக்கு 771 தொடுமுனைகள் கொண்ட ஜியான் செயலியையும் செய்தது. பெரிய நிறுவனங்கள் தம் பழைய பொறிகளைக் கழித்தபோது ஜியான் செயலிகள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. ஆனால் அவை வீட்டுப் பொறியின் தாய்ப்பலகையில் பொருந்தா. ஆர்வலர்கள் இரண்டையும் அருகருகே வைத்து ஆராய்ந்தனர். இரண்டு முனைகள் இடம் மாறியிருப்பதும், விளிம்பிலுள்ள வெட்டுகள் வேறிடத்தில் இருப்பதுமே முதன்மையான தடைகள் எனக் கண்டனர். அவ்விரு முனைகளை மாற்றி இணைக்கும் சிறு ஒட்டுத் தாளை ஒட்டினர். விளிம்பைச் சிறிதே செதுக்கினர். சில பலகைகளில் தொடக்க நிரலையும் திருத்தினர். இரண்டு உட்கருக்கள் கொண்ட செயலி இருந்த இடத்தில் நான்கு உட்கருக்கள் கொண்ட ஜியான் ஈ5450 ஓடலாயிற்று. கூர்ந்து நோக்கும் கண்ணும், பொறுமையுள்ள கையுமே இதற்கு மூலதனம்.

இரயில்வேக் குடும்பத்தாருக்கு இது புதுமையன்று. திருப்பதியிலுள்ள பெட்டி பழுதுபார்க்கும் தொழிற்சாலைக்குக் காலமுறைப்படி வண்டிப் பெட்டிகள் வருகின்றன. சக்கரத்தையும் தடையையும் சோதித்து, தேய்ந்ததை மாற்றி, மீண்டும் பாதைக்கு அனுப்புகின்றனர். ஓர் உறுப்பு தேய்ந்தது என்பதற்காகப் பெட்டி முழுவதையும் எவரும் எறிவதில்லை. அந்த நெறியை நம் வீட்டுக் கணிப்பொறிக்கும் கைக்கொண்டால் என்ன?

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பர். செயலிக்கு இஃது உண்மையாகவே பொருந்தும்; அதன் முனைகளில் பொன்முலாம் உண்டு. சித்தூர் மாவட்டத்தை அடுத்த கோலார் தங்கவயலில், 2001இல் சுரங்கம் மூடப்படும் வரை, ஒரு டன் பாறையில் கிடைக்கும் சில கிராம் பொன்னுக்காகத் தமிழ்த் தொழிலாளர் 3 கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் பாடுபட்டனர். ஒரு டன் மின்சுற்றுப் பலகையிலோ அதனினும் பன்மடங்கு பொன் உண்டு. அதனால்தான் எடைக்கு வாங்குவோர் இவற்றைத் தேடுகின்றனர். சிலர் பலகையை எரித்தும் அமிலத்தில் இட்டும் பொன்னைப் பிரிக்கின்றனர். அப்புகை நுரையீரலைக் கெடுக்கும். அக்கழிவு நீரையும் நிலத்தையும் கெடுக்கும். 2022ஆம் ஆண்டில் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6 கோடியே 20 லட்சம் டன்; அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது நான்கில் ஒரு பங்கும் இல்லை.

இக்குவியல் மேலும் பெருகும். 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் முடித்துக்கொண்டது. ஏறத்தாழ 2017க்கு முற்பட்ட செயலிகளை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. எனினும் அப்பொறிகள் செத்துவிடவில்லை. லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளம் அவற்றில் நன்றாகவே ஓடும். ஹெல்சிங்கியில் ஒரு மாணவர் 1991இல் 386 செயலியுள்ள தம் சொந்தக் கணிப்பொறியில் தொடங்கிய பணியே அந்த லினக்ஸ் என்பதை நம் பிள்ளைகள் அறிதல் நலம்.

எல்லாப் பழையதும் காக்கத்தக்கது என்று நாம் வாதாட வரவில்லை. 2004ஆம் ஆண்டுக் காலத்துப் பென்டியம் 4 செயலிகளுள் சில 100 வாட்டுக்கும் மேல் மின்சாரம் உண்ணும். நாள் முழுதும் அதனை ஓட்டினால் மின்கட்டணமே புத்தி சொல்லும். அத்தகையது பிரித்துக் கற்பதற்கு உதவும். அன்றாட வேலைக்கு உதவாது.

பிரித்துக் கற்பது என்றோமே, அதுவே நம் உரையின் உயிர். புதிய பொறியைப் பிள்ளை தொட்டால் நாம் பதறுகிறோம். பழையது ஒன்றே அவன் அஞ்சாமல் திறக்கக்கூடியது. நினைவகத் துண்டின் பொன்னிற முனையை அழிரப்பரால் தேய்த்தால் இறந்த பொறி எழுவதுண்டு. நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்தால் பொறி நாளும் நேரமும் மறக்கும். காய்ந்த வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் சூடு தணியும். இவற்றைப் புத்தகத்தில் படித்தவனினும் கையால் செய்தவனே தெளிவாக அறிவான். இங்கே ஓர் எச்சரிக்கை: மின்வழங்கிப் பெட்டியைப் பிள்ளைகள் திறத்தலாகாது, இணைப்பைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கையறிவு நாட்டுக்கும் வேண்டும். மொகாலியில் 1984இல் சில்லுகள் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம் 1989இல் தீயால் அழிந்து பின்னடைந்தது. மீண்டும் எழுந்த அவ்விடத்திலேயே, சென்னை ஐ.ஐ.டி.யினர் வடிவமைத்த சக்தி நுண்செயலி ஒன்று 2018இல் உருவாயிற்று. அதன் வழிவருவோர் நம் குடியிருப்பிலிருந்தும் தோன்றலாகாதோ?

இன்னொரு கவலையும் நமக்கு உண்டு. நம் பிள்ளைகள் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். எழுத்தோ பலர்க்குத் தெரியாது. 1999இல் வந்த தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் உள்ளன. ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் கிகரம் பிறக்கும். உயிரும் மெய்யும் கூடுவதைப் பிள்ளை தன் விரலாலேயே உணர்கிறது. தான் சீர்செய்த பொறியில், ஆம்பூரிலோ அரக்கோணத்திலோ இருக்கும் பாட்டிக்குத் தமிழில் நான்கு வரி எழுதும் பிள்ளைக்கு, இரண்டு கல்வி ஒருசேரக் கிட்டுகின்றன.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நூலக அறையின் ஒரு மூலையில் ஒரு மேசை போடுங்கள். பரண்மேல் உள்ளதை உறுப்பினர் கொணரட்டும். ஞாயிறுதோறும், விவரம் அறிந்த பெரியவர் ஒருவர் உடனிருக்க, ஆணும் பெண்ணுமாகப் பிள்ளைகள் அவற்றைத் திறக்கட்டும். தேறியதில் லினக்ஸும் தமிழ் விசைப்பலகையும் ஏற்றுங்கள். தேறாததை உரிமம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள்.

பெற்றோர்களே! பழைய பெட்டியை எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் கிடைக்கும். அதற்கு முன் அதனைப் பிள்ளையின் கையில் ஒருமுறை கொடுங்கள். திருப்புளியோடு தரையில் அமர்ந்திருப்பவனைக் கண்டால், 'ஏன் கெடுக்கிறாய்?' என்று கேளாதீர்கள்; 'என்ன கண்டாய்?' என்று கேளுங்கள்.