பேர் பதிந்த ஏடு

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. ஒரு நாள் வேலைக்குரிய கூலிக் கணக்கே அங்கே பேர் எனப்படும். குறித்த அளவு கொழுந்து பறித்தவருக்கு முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். தராசின் அருகே நிறையை உரக்கச் சொன்னால் மட்டும் போதாது. அது ஏட்டில் ஏறினால்தான் கூலியாகும். தேர்தல் முடிவு வெளியாகும் முறையும் ஏறக்குறைய இத்தகையதே.

வாக்கெண்ணும் இரவில் அட்டனிலும் நுவரெலியாவிலும் பல லயங்களில் விளக்கணைவதில்லை. செவிகள் வானொலியையும், இந்நாளில் கண்கள் கைத்தொலைபேசியையும் நாடியிருக்கும். அவ்வேளையில் வாக்கெண்ணும் நிலையங்களில், கட்சி முகவர்களின் முன்னிலையில் வாக்குகள் எண்ணப்படுகின்றன. ஐயம் எழுந்தால் மீள எண்ணும்படி முகவர் கேட்கலாம். எண்ணிய தொகை எழுத்தில் வடிக்கப்பட்டு, மாவட்டத் தெரிவத்தாட்சி அலுவலரைச் சேர்கிறது. பின்னர் தேர்தல் ஆணைக்குழு அதனை அதிகாரபூர்வ முடிவாக வெளியிடுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் தபால் வாக்குகளின் முடிவும், நுவரெலியா - மஸ்கெலியா, கொத்மலை, ஹங்குராங்கெத்த, வலப்பனை ஆகிய நான்கு தொகுதிகளின் முடிவுகளும் தனித்தனியே வெளிவந்து, இறுதியில் மாவட்டத்தின் மொத்த முடிவு அறிவிக்கப்படும்.

ஒவ்வொரு முடிவிலும், கட்சிகள் பெற்ற வாக்குகளுடன் நான்கு எண்கள் காணப்படும். பதிவுசெய்யப்பட்ட வாக்காளர், அளிக்கப்பட்ட வாக்குகள், நிராகரிக்கப்பட்டவை, செல்லுபடியானவை என்பன அவை. பின்னைய இரண்டையும் கூட்டினால் அளிக்கப்பட்ட வாக்குகளின் தொகை வரவேண்டும். கூட்டல் அறிந்த எவரும் இதனைச் சரிபார்க்கலாம். மக்களுக்கு வெளியிடுவதன் பயன் இதுவேயன்றோ!

எனினும் இரவில் கேட்டது செய்தியே. தெரிவானவர்களின் பெயர்கள் அரசாங்க வர்த்தமானியில் அச்சேறும்போதே அது சட்டத்தின் ஏட்டில் பதிகிறது. முடிவை எதிர்த்துத் தேர்தல் மனுத் தாக்கல் செய்வதற்கு, 1981ஆம் ஆண்டின் பாராளுமன்றத் தேர்தல்கள் சட்டம் பொதுவாக 21 நாட்களையே தருகிறது. அந்நாட்கள் எண்ணப்படுவது வர்த்தமானிப் பிரசுரத் தேதியிலிருந்தே. தேதி தவறினால் நியாயமான முறையீடும் வாசலிலேயே நின்றுவிடக்கூடும்.

இத்துணை ஒழுங்கிருந்தும், ஒரு முடிவால் சொல்ல இயலாதது ஒன்றுண்டு. இடாப்பில் இல்லாதவரைப் பற்றி அது வாய்திறப்பதில்லை. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் நுவரெலியாத் தொகுதியின் உறுப்பினராக, இலங்கை இந்தியன் காங்கிரஸின் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். அதன்பின் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும், 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலானோரை இடாப்பிலிருந்து அகற்றின. 1952இல் தெரிவான பாராளுமன்றத்தில் அக்காங்கிரசுக்கு ஓர் உறுப்பினரும் இல்லை. கூட்டலில் பிழை இல்லாதிருக்கலாம்; வர்த்தமானியும் முறைப்படி வெளிவந்திருக்கலாம். ஆயினும், கொழுந்தெடுத்த கைகள் அந்த எண்களுக்கு வெளியே நின்றன.

மீண்டும் அவர் பெயர் தேர்தல் முடிவொன்றில் வெற்றியாளராக வெளிவந்தது 1977இல். மூன்று உறுப்பினரைத் தெரிவுசெய்த நுவரெலியா - மஸ்கெலியாத் தொகுதியில் அவர் மூன்றாம் உறுப்பினரானார். முப்பது ஆண்டுகள் இடையே கழிந்திருந்தன. நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறின.

ஆகவே, முடிவு வெளியாகும் இரவில் மட்டும் விழித்திருத்தல் போதாது. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. விடுபட்ட பெயரைச் சேர்க்குமாறு கோரும் உரிமையும் உண்டு. பதியாத பேருக்குக் கூலியில்லை என்பதை நன்கறிந்தவர்கள் தோட்ட மக்கள். இடாப்பைப் பற்றி அவர்களுக்கு வேறொருவர் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. உரிய காலத்தில் அதனைத் திறந்து பார்த்தலே வேண்டுவது.