ஐந்து ஸ்வரம், ஓர் அகதி

ஹைதராபாத் மாதாப்பூரில் வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளுக்குச் சிவரஞ்சனி ராகத்தை எந்தக் கீர்த்தனையிலும் ஆரம்பிப்பதில்லை. அதே ராகத்தில் அமைந்த ஆகாசவாணியின் முகப்பிசையைத்தான் வாசித்துக் காட்டுவேன். தம்புரா, அதன்மேல் ஒற்றை வயலின். பழைய நேயர்களுக்கு இந்நேரம் காதில் ஓடத் தொடங்கியிருக்கும்!

சிவரஞ்சனியின் ஸ்வரங்கள் ச ரி க ப த. மத்யமமும் நிஷாதமும் கிடையாது. காந்தாரத்தை மட்டும் உயர்த்தி அந்தரமாக்கிவிட்டால் மோகனம், கல்யாண வீடுதான். சாதாரண காந்தாரத்திலேயே நின்றால் மனசு கனத்துவிடுகிறது. தந்தியில் ஒரு விரலகலம்தான் வித்தியாசம். இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருந்தபோது ஒரு சிறுமி, "மிஸ், இதைப் போட்டவங்க ரொம்ப அழுதிருப்பாங்களா?" என்றாள். அழுதாரோ என்னவோ, ஊரைவிட்டு வந்தவர்தான் என்றேன்.

அந்த முகப்பிசை வால்டர் காஃப்மன் போட்ட மெட்டு என்பது வானொலி வட்டாரத்தில் வழிவழியாக வரும் செய்தி. வயலின் வாசித்தவர் மெஹ்லி மேத்தா என்பார்கள், இசை நடத்துநர் ஜுபின் மேத்தாவின் அப்பா.

காஃப்மன் 1907இல் கார்ல்ஸ்பாத்தில் பிறந்த யூதர். ஆய்வை முடித்தும், வழிகாட்டி நாஜிப் பக்கம் சாய்ந்தவர் என்பதால் பட்டமே வேண்டாம் என்று விட்டவர் என்று சொல்வார்கள். 1934இல் பம்பாய் வந்தார். அதற்கு முன் இந்திய இசைத்தட்டுகளைக் கேட்டபோது அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லையாம். இத்தனை கோடிப் பேர் ரசிக்கும் இசை புரியவில்லை என்றால் குறை தன்னிடம்தான் என்று எழுதியிருக்கிறார். இந்த இடத்தில்தான் எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போகிறது. புரியாததைத் திட்டாமல், அது பிறந்த ஊருக்கே கப்பலேறி வந்துவிட்டார் பாருங்கள்! 1937 முதல் 1946 வரை பம்பாய் வானொலியில் மேற்கத்திய இசைப் பிரிவு அவர் பொறுப்பு.

அவர் மனைவி கெர்ட்டி, எழுத்தாளர் காஃப்காவின் அக்காள்தங்கைகளில் ஒருவரின் மகள். காஃப்காவின் சகோதரிகள் மூவரும் நாஜிகளிடம் சிக்கி மாண்டார்கள். இங்கே வந்தவர்களுக்கும் நிம்மதி இல்லை. ஹைதராபாத்திலிருந்து வந்த 'இஸ்லாமிக் கல்ச்சர்' இதழின் ஆசிரியராயிருந்த முகம்மது அசத், யூதராகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவியவர். 1939இல் போர் மூண்டதும், எதிரி நாட்டவர் என்று பிரிட்டிஷ் அரசு அவரை முகாமில் அடைத்தது. வெளியே வர 1945 ஆயிற்று. அவர் அப்பாவை நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அது தனி உரைக்குரிய கதை.

நேரம் முடிகிறதென்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைகாட்டுகிறார்கள், ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். 1946இல் காஃப்மன் இங்கிலாந்து போனார். பிறகு கனடாவில் வின்னிபெக் சிம்பொனியின் நடத்துநர், 1957 முதல் அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம். 1968இல் வட இந்திய ராகங்கள் பற்றியும், 1976இல் நம் தென்னிந்திய ராகங்கள் பற்றியும் புத்தகம் போட்டார். 1984இல் காலமானார். வீட்டில் வயலின் வாசிக்கிற பிள்ளை இருந்தால் இன்று ராத்திரியே அந்தக் காந்தாரத்தை மாற்றி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த 1976ஆம் ஆண்டுப் புத்தகம் மாதாப்பூர்ப் பக்கம் யாரிடமாவது இருந்தால் நாலு நாள் இரவல் தாருங்கள், அட்டை போட்டுத் திருப்பித் தருகிறேன்.