ஒரு பழைய மோட்டார் சைக்கிளைப் பேணுதல்

பழைய பொருள் என்றவுடன் நம்மில் பலருக்கு இரண்டு எண்ணங்களே தோன்றுகின்றன. ஒன்று, அதனைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும் என்பது. மற்றொன்று, அதனைத் துடைத்து மெருகிட்டு, வருவோர் போவோர் பார்க்கும்படி நிறுத்தி வைக்க வேண்டும் என்பது. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்று உண்டு. அப்பொருளின் அமைப்பைப் புரிந்துகொண்டு, பழுது நீக்கி, அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையையே தொடர்ந்து செய்யும்படி வைத்திருத்தல் அவ்வழி. அதைப்பற்றி, சிறப்பாக மாணவ நண்பர்களுக்கு, நான் இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

எடுத்துக்காட்டாக நான் கொள்வது புல்லட் என்னும் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் ஊசித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் ரெட்டிச். அங்கே இருந்த ராயல் என்பீல்டு நிறுவனத்தார் 1932-ஆம் ஆண்டிலேயே தங்கள் வண்டி ஒன்றுக்கு இப்பெயரைச் சூட்டினர். நம் சாலைகளில் பழகிப்போன உருவத்தின் மூல வடிவம் 1949-இல் விற்பனைக்கு வந்தது. 1955-இல் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. கப்பலில் வந்த பாகங்களை முதலில் இங்கே பூட்டினார்கள். பின்னர்ப் படிப்படியாகப் பாகங்களையும் இங்கேயே வார்த்தெடுத்தார்கள். ரெட்டிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. தாய் மறைந்தாள், சேய் பிழைத்துக்கொண்டது. 1977-இல் சென்னைப் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாயிற்று என்பது தொழில் வரலாற்றில் சுவையான செய்தி அல்லவா?

என் தாய்மாமன் 1966-இல் வாங்கிய வண்டி ஒன்று எங்கள் குடும்பத்தில் இருந்தது. அவர் கால்நடை மருத்துவர். ஊர் ஊராகச் சென்று மாடு கன்றுகளுக்கு வைத்தியம் பார்த்தவர். "வாயில்லாத ஜீவன் தன் நோயைச் சொல்லாது, நாம்தான் பார்த்து அறிய வேண்டும்" என்று அடிக்கடி கூறுவார். அவர் காலமான பின், அந்த வண்டி மாட்டுக்கொட்டகையில் பன்னிரண்டு ஆண்டுகள் நின்றுவிட்டது. ஒருநாள் அத்தை என்னிடம், "தம்பி, இது இனி ஓடுமா? ஓடாதென்றால் சொல்லிவிடு. இரும்புக்காரர் விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார்" என்றார்கள். பார்த்து அறியாமல் எவ்வாறு விடை சொல்வது? மூன்று மாதத் தவணை கேட்டேன்.

நெடுநாள் நின்ற எஞ்சினைக் கண்டவுடன் உதைத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் எழும். அந்த ஆசையை அடக்குவதே முதல் வேலை. சிலிண்டரின் சுவரிலே எண்ணெய்ப் பசை வற்றித் துரு ஏறியிருக்கலாம். உதைத்தால் பிஸ்டன் வளையங்கள் கீறிக்கொள்ளும். ஆகவே பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட வேண்டும். பிறகு கியரில் நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றினால் பிஸ்டன் அசைகிறதா என்று தெரியும். பழைய பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும். அதனை வடித்துவிட்டுத் தொட்டியையும் கார்புரேட்டரின் நுண்துளைகளையும் கழுவ வேண்டும். பழைய எண்ணெயை நீக்கிப் புதிய எண்ணெய் நிரப்ப வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மேல்தலைக்குச் செல்லும் எண்ணெய்க் குழாயின் மறையைச் சற்றே தளர்த்தி, அங்கே எண்ணெய் கசிகிறதா என்று பார்ப்பது நல்லது. கசிந்தால் உள்ளே எண்ணெய் ஓட்டம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள்.

இங்கே பள்ளியில் படித்த கணக்கும் கைகொடுக்கிறது. இந்த எஞ்சினின் சிலிண்டர் 70 மில்லிமீட்டர் விட்டமுடையது. பிஸ்டன் 90 மில்லிமீட்டர் தூரம் ஏறி இறங்குகிறது. உருளையின் கன அளவு காணும் வாய்பாட்டிலே இவ்விரண்டு எண்களையும் இட்டுப் பாருங்கள்: 346 கன சென்டிமீட்டர் கிடைக்கும். அதையே 350 என்று முழுமைப்படுத்திப் பெயரில் சேர்த்தார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. பிளக்கில் பொறியும் நொடிக்கு 25 முறை உரிய கணத்தில் தோன்ற வேண்டும். இவ்வளவு விரைவாக நடக்கும் வேலையிலே ஒரு நூலிழைப் பிசகும் பெரும் பிசகாகும் என்பது விளங்குகிறதல்லவா?

பொறியை உண்டாக்கும் பாயிண்டுகளின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். நாம் எழுதும் தாள் நான்கை அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும். வால்வுகளைத் தள்ளும் தண்டுகளைச் சரிசெய்வதற்கோ அளவுகோலே வேண்டாம். இரண்டு விரல்கள் போதும். பிஸ்டனை அழுத்தக் கட்டத்தின் உச்சியில் நிறுத்தி, சிலிண்டரின் வலப்புறத்து மூடியைத் திறந்தால் இரண்டு தண்டுகளும் தெரியும். ஒவ்வொன்றும் விரலால் உருட்டினால் தடையின்றி உருள வேண்டும். மேலும் கீழும் ஆடக்கூடாது. இதனை எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கும்போதே செய்ய வேண்டும். சூட்டினால் சிலிண்டர் சிறிது நீள்கிறது. சூடாக இருக்கும்போது இறுக்கி வைத்தால், குளிர்ந்தபின் தண்டுகள் வால்வை முழுதும் மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கும், வாயு கசியும், நாளடைவில் வால்வு கருகும். பௌதிக நூலிலே வெப்பத்தால் பொருள்கள் விரிவடையும் என்று ஒரு வரியில் படித்தது, இங்கே நம் விரல் நுனிக்கு வந்து சேர்கிறது.

வண்டியைக் கிளப்புவதிலும் பலத்தைவிட முறையே முக்கியம். முன்விளக்கின்மேல் அம்மீட்டர் என்னும் மின்னோட்டமானி உண்டு. சாவியைத் திருப்பிவிட்டு உதைமிதியை மெல்ல அழுத்திவரும்போது, அதன் முள் ஒருபுறம் சாய்ந்து பின் நடுவுக்குத் திரும்பும். அவ்விடத்தில் காலுக்கும் ஓர் எதிர்ப்புத் தெரியும். உடனே அழுத்தம் நீக்கும் சிறு பிடியைப் பிடித்துக்கொண்டு, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்த வேண்டும். பின்பு பிடியை விட்டு, மிதியை மேலே வரவிட்டு, ஒரே சீராக ஓர் உதை. வலுவானவன் பத்து முறை உதைத்தும் கிளம்பாத வண்டி, முறையறிந்த முதியவருக்கு ஒரே உதையில் கிளம்புவதன் மருமம் இதுதான்.

இவ்வாறெல்லாம் செய்து, இரண்டாம் மாத முடிவில் மாமாவின் வண்டி ஓடியது. ஆனால் ஒரு புதுத் தொல்லை. புறப்பட்டு இருபது நிமிடம் ஆனதும் வண்டி தானே நின்றுவிடும். கால் மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும். பார்த்தவர்கள் ஆளுக்கொரு தீர்ப்புக் கூறினார்கள். கார்புரேட்டரை மாற்றச் சொன்னார் ஒருவர். எஞ்சின் சூடேறிப் பிஸ்டன் இறுகுகிறது, சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போடவேண்டும் என்றார் மற்றொருவர். அதற்கு ஆகும் செலவு, இரும்புக்காரர் சொன்ன விலையைப்போல் பன்மடங்கு. அத்தை என் முகத்தைப் பார்த்தார்கள்.

நோய் இன்னதென்று கண்டு, அதற்குக் காரணம் இன்னதென்று கண்டு, அதன் பின்னரே மருந்தைக் கையில் எடுக்க வேண்டும் என்பது வைத்தியத்துக்கு நம் முன்னோர் வகுத்த நெறி. பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு மூன்று தேவை: அளவான பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை, அதனை நெருக்கும் அழுத்தம், தக்க தருணத்தில் ஒரு பொறி. வண்டி நின்ற இடத்திலேயே இம்மூன்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். உதைமிதியில் எதிர்ப்புக் குறையவில்லை. ஆகவே அழுத்தம் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி உலோகத்தில் சாய்த்துப் பார்த்தேன். நீலப் பொறி பளிச்சென்று தெறித்தது. எஞ்சியது பெட்ரோல். எஞ்சின் ஆறிய பின் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பிடித்தேன். தொட்டியில் பாதிக்குமேல் பெட்ரோல் இருந்தும், சிறிது வடிந்து சொட்டுச் சொட்டாகி ஓட்டம் நின்றுவிட்டது. தொட்டியின் மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்று உள்ளே புகுந்தது. பெட்ரோல் தடையின்றிப் பாய்ந்தது!

மூடியிலே காற்றுப் புகுவதற்கென்று ஒரு சிறு துளை உண்டு. எப்போதோ தொட்டிக்கு வர்ணம் அடித்தபோது அத்துளை அடைபட்டிருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க, அதன் இடத்தை நிரப்பக் காற்றுக்கு வழியில்லை. தொட்டிக்குள் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை மேலே பிடித்து நிறுத்திவிட்டது. தவணை முடிய ஆறு நாள் இருக்கையில், ஒரு தையல் ஊசியினால் நோய் தீர்ந்தது. "ஓடும், அத்தை" என்று அன்றுதான் துணிந்து விடை சொன்னேன். இரும்புக்காரருக்கு அத்தை தாமே ஆளனுப்பி, வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டிலே இவ்வேலையில் இறங்குவோர் சில எச்சரிக்கைகளை மறத்தல் ஆகாது. பெட்ரோல் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. மூடிய அறையில் எஞ்சினை ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு என்னும் நஞ்சு சூழும். அதற்கு நிறமும் மணமும் இல்லை. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருக்கலாம். அத்தூளை ஊதினால் நுரையீரலுக்குத் தீராத கேடு. ஆகவே ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். இக்காலப் பெட்ரோலில் எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களை நைந்துபோகச் செய்யும். ஆதலால் அக்குழாய்களை மாற்றுவதும், நெடுநாள் நிறுத்துமுன் பெட்ரோலை வடித்துவிடுவதும் அவசியம். பழைய வண்டியின் மறைகள் பிரிட்டிஷ் அளவில் அமைந்தவை. அவற்றுக்குரிய ஸ்பானரையே எடுங்கள். ஏறக்குறையப் பொருந்தும் ஸ்பானர் மறையின் முனைகளை மழுக்கிவிடும்.

எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது என்பதும் ஒரு கேள்வி. பிரேக், டயர், கம்பிவடம், மின்கம்பி ஆகிய உயிர்காக்கும் உறுப்புகளில் சிக்கனம் கூடாது. தேய்ந்தால் உடனே மாற்ற வேண்டும். மற்றவற்றில், வேலை செய்யும் பாகத்தைப் பளபளப்புக்காக மாற்றுதல் வீண். 50 ஆண்டுக்கு மேற்பட்ட சொந்த உபயோக வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகள் எனப் பதிவு செய்வதற்கு மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. அவ்விதியும், சட்டகம், உடற்பகுதி, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்திருக்கக்கூடாது என்றே கூறுகிறது. ஆனால் அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தல் ஆகாது. தினமும் ஓட்ட விரும்புவோர் சாதாரணப் பதிவையே உரிய காலத்தில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மாணவ நண்பர்களே, உங்கள் எல்லார் வீட்டிலும் பழைய மோட்டார் சைக்கிள் இராது. ஆனால் ஒரு மிதிவண்டி இருக்கும். ஒரு தையல் இயந்திரம் இருக்கும். ஒரு மின்விசிறி இருக்கும். அவற்றுள் ஒன்றை, பெரியவர்களின் துணையோடு, அறிந்துகொள்ளத் தொடங்குங்கள். ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டு, கழற்றிய வரிசையையும் கண்ட குறையையும் செய்த திருத்தத்தையும் தேதியிட்டு எழுதுங்கள். ஒரு சமயத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். அப்போதுதான் எதனால் குணம் கண்டது என்று தெரியும். ஊகத்தால் தீர்ப்புக் கூறுவோர் எங்கும் நிறைய உண்டு. இருப்பதைச் சோதித்து, இல்லாததை ஒதுக்கி, காரணத்தைக் கைப்பிடியாகப் பிடிப்பவர் சிலரே. அந்தச் சிலருள் ஒருவராகும் பயிற்சியை, எண்ணெய் படிந்த ஒரு பழைய இயந்திரமும் நமக்கு அளிக்க வல்லது.